பாய் கேட்ட ஒரு உதவி

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருவில் எனக்கு மரியாதை கொஞ்சம் கூடிவிடும். கலெக்டர் ஆபீஸில் 35 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஊரில் உள்ள எல்லாக் காலேஜும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. வாக்கிங் முடித்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாராவது ஒருவர் மார்க் ஷீட் நகலோடு வந்து நிற்பார். "ஏனுங்க பாண்டிச்சேரி சார், இந்தக் காலேஜ் எப்படிங்க?"

எப்படி என்று கேட்டால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். கட்டாஃப் எவ்வளவு, ஃபீஸ் எவ்வளவு, காலேஜ் பஸ் நம்ம பக்கம் வருமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க விளங்குமா. கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. 1945ல் இன்றைய ஜி.சி.டி., 1951ல் பி.எஸ்.ஜி. டெக், 1956ல் சி.ஐ.டி. என்று மில்லும் காலேஜும் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் என்னிடம் கேட்பதில்லை. "என் பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்குமா? பேரையும் விலாசத்தையும் பார்த்துவிட்டு வேறு மாதிரி பார்க்க மாட்டார்களா?" கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் என்னைப் போன்றவனிடம் கேட்பதில்லை என்று சொல்வதுதான் சரி. அப்படிக் கேட்டவர்களை என் வாழ்க்கையில் இரண்டு முறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அதுதான் முதலாவதை ஞாபகப்படுத்தியது.

2024 ஏப்ரலில் நானும் மனைவியும் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். அங்கே நம்மைப் போன்ற கிழவர்களுக்கு என்ன வேலை? பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடுவது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வருவது, அவ்வளவுதான். எதிர் வீட்டில் ஒரு யூதக் குடும்பம். அந்த வீட்டில் தொண்ணூறு தாண்டிய பாட்டி ஒருவர், வெயில் அடித்தால் வாசலில் வந்து உட்காருவார். ஒரு நாள் அவர் தன் மகனிடம் பிரெஞ்சில் ஏதோ கடிந்துகொண்டது என் காதில் விழுந்தது. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். கோயமுத்தூரில் யாரிடம் போய்ப் பிரெஞ்சு பேசுவது? வாய் அரித்தது. "போன்ழூர், மதாம்" என்றேன். பாட்டி ஒரு நிமிஷம் என்னையும் என் மங்கி குல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றிலிருந்து சாயங்காலம் காபி அவர்கள் வீட்டில்தான்.

அந்த வீட்டில் அப்போது ஒரே பேச்சு, பேத்தியின் காலேஜ். நான்கு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. மே 1ஆம் தேதிக்குள் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு மேஜை மேல் காகிதத்தில் கோடு போட்டு அந்தப் பெண்ணின் அம்மா ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஃபீஸ் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். அது இல்லை. ஒவ்வொரு காலேஜிலும் யூதப் பிள்ளைகள் எத்தனை பேர், 'ஹில்லல்' இல்லம் இருக்கிறதா (இது யூத மாணவர்கள் கூடும் இடம், 1923ல் இலினாய்ஸில் தொடங்கியது), முந்தைய அக்டோபரில் காஸா சண்டை ஆரம்பித்த பிறகு அங்கே என்ன நடந்தது, ஒரு பிள்ளை புகார் கொடுத்தால் நிர்வாகம் காதில் போட்டுக்கொண்டதா, கழுத்தில் அவர்களுடைய நட்சத்திரச் சங்கிலி போட்டுக்கொண்டு நடக்க முடியுமா என்று வரிசையாக எழுதியிருந்தது.

அந்த மாதம்தான் ஏ.டி.எல். என்ற யூத அமைப்பு 85 காலேஜ்களுக்கு, பள்ளிக்கூடத்தில் போடுவது போல, ஏ முதல் எஃப் வரை மார்க் போட்டு வெளியிட்டிருந்தது. ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் எஃப். ஏ வாங்கியவை பிராண்டைஸ், ஈலான் என்ற இரண்டே இரண்டு. நம் ஊரில் ஹார்வர்டு என்றால் வாயைப் பிளப்போம். அங்கே ஒரு தகப்பனார் அந்த வரிசைக் காலேஜுக்குப் பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மார்க் போட்டவர்களுக்கு என்ன தெரியும்? என் தோழி எகிப்து நாட்டு முஸ்லிம். அவள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு காகிதம் இருக்கிறது" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஹார்வர்டு அந்த வருஷ ஆரம்பத்தில் இரண்டு குழு அமைத்தது. ஒன்று யூத மாணவர்களுக்கு எதிரான வெறுப்பை ஆராய, இன்னொன்று முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர்களுக்கு எதிரானதை ஆராய. இரண்டு அறிக்கையும் 2025 ஏப்ரலில் ஒரே நாளில் வந்தன. பயம் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

பாட்டி மட்டும் வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெயிலில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் சொன்னார். அவர் பிறந்தது அல்ஜீரியாவில். அது அப்போது, எங்கள் பாண்டிச்சேரியைப் போல, பிரான்ஸுக்குச் சொந்தம். 1870ல் அங்கிருந்த யூதர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கொடுத்தார்கள். 1940ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றதும் வந்த அரசாங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டது. பள்ளிக்கூடங்களில் யூதப் பிள்ளைகள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். பிறகு அதை 7 ஆக்கினார்கள். எட்டு, ஒன்பது வயசுப் பெண்ணான இவரை டீச்சர் கூப்பிட்டு, 'ப்ளூமியே'யை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றாராம். ப்ளூமியே என்றால் பேனா டப்பா. அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அறுபது வருஷம் ஆகியிருக்கும்.

"1943ல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்" என்றார். "அதே வகுப்பு, அதே பெஞ்ச். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று ஒரு பிள்ளை கூடக் கேட்கவில்லை. வெளியே அனுப்பினது மறந்து போச்சு. யாரும் கேட்காததுதான் மறக்கவில்லை."

நான் லிசேயில் படித்தபோது வரலாற்று வகுப்பில் டிரைஃபுஸ் வழக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ராணுவ அதிகாரியின் மேல் தேசத் துரோகப் பழி போட்டதையும், 1898ல் எமில் ஸோலா பத்திரிகையில் எழுதிக் கேள்வி கேட்டதையும் மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். மார்க் வாங்கியதோடு சரி. அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது டிரைஃபுஸ் இல்லை. எங்கள் ஆபீஸ் பாய்.

பேர் வேண்டாம். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் பாய். என் பக்கத்து சீட். கோட்டைமேட்டுக்காரர், ராவுத்தர். அவர் போடும் குறிப்பில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. நான் 1973ல் வேலைக்கு வந்த புதிதில் என் இங்கிலீஷைக் கேட்டு செக்ஷனே சிரிக்கும். 'ஹெட் கிளார்க்' என்பதை 'எட் கிளார்க்' என்பேன், பிரெஞ்சில் அந்த 'ஹ' கிடையாது. அப்போது சிரிக்காமல், வெளியே டீ வாங்கிக் கொடுத்து, டிராஃப்ட் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் பாய். அந்தச் சிரிப்பு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. பாஷை தெரியாதவனை யாரும் ரொம்ப நாள் ஒதுக்கி வைப்பதில்லை.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் செல்வராஜ் என்ற போலீஸ்காரரைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை சாயங்காலம், ஊரெங்கும் குண்டு வெடித்தது. 58 பேர் செத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம். நம் வயசுக்காரர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. அந்த வாரம் யார் வீட்டில்தான் அடுப்பு ஒழுங்காக எரிந்தது? எனக்குத் தெரிந்த ஒருவரின் தம்பி ஸ்டேஷன் பக்கம் போனவர் திரும்பி வரவே இல்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது போய் விழுந்த இடம்? கோட்டைமேட்டைச் சுற்றி செக்போஸ்ட். வீடு வாடகைக்குக் கேட்டால் பேரைக் கேட்டுவிட்டு "ஆள் வந்தாச்சுங்க" என்பார்கள். பாய் ஆபீஸ் வரும்போது ஐடி கார்டைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டே வருவார். அதற்கு முந்தி இருபது வருஷம் அந்த கார்டை நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் அவர் மூத்த பெண் பிளஸ் டூ. வெளியே தடியடி, ஊரடங்கு, உள்ளே மெழுகுவர்த்தி போல அந்தப் பிள்ளை படித்தது. 1,200க்கு 1,100க்கு மேல் மார்க். பி.எஸ்ஸி. கணக்குப் படிக்க ஆசை. ஊரில் பேர் பெற்ற ஒரு காலேஜில் இன்டர்வியூ வந்தது. பாய் அதற்கு முந்திய வாரம் மூன்று நாள் அந்தக் காலேஜுக்கு எதிரில் உள்ள பேக்கரியில் போய் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் வருகிறார்கள், முக்காடு போட்ட பெண் ஏதாவது உண்டா, அது தனியாக நடக்கிறதா கூட்டாளிகளோடு நடக்கிறதா என்று பார்த்திருக்கிறார். பிறகு என்னிடம் வந்தார்.

"சார், இன்டர்வியூவுக்கு நீங்களும் ஒரு எட்டு வர முடியுங்களா? ஒண்ணும் பேச வேண்டாங்க. பக்கத்துல நின்னாப் போதும்."

ஸ்காலர்ஷிப் பைல் விஷயமாக அந்தக் காலேஜ் ஆபீஸில் எனக்குப் பழக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். நான் சொன்னேன்: "ஆடிட் வருது பாய், பார்க்கலாம்."

ஆடிட் வந்தது உண்மை. ஆனால் அந்த வருஷம் என் கணக்கில் ஒன்பது நாள் கேஷுவல் லீவு மிச்சம் இருந்தது. குமாஸ்தாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் மறக்காது. பாயோடு அந்த வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு சின்ன உறுத்தல். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

தகப்பனும் மகளும் தனியாகப் போனார்கள். அப்ளிகேஷனைப் படித்தவர் விலாசத்தைப் பார்த்து, "கோட்டைமேடா?" என்றாராம். பிறகு தணிந்த குரலில், "வீட்டுல யாராவது உள்ளே இருக்காங்களாம்மா?" உள்ளே என்றால் ஜெயிலில். இல்லைங்க சார் என்றிருக்கிறது பெண். இன்னொருவர் கால்குலஸில் ஒரு கேள்வி கேட்டார். சரியாகச் சொன்னாள். சீட் கொடுத்துவிட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், சீட் கொடுத்துவிட்டார்கள்.

பாய் ஃபீஸ் கட்டவில்லை. பெண்ணைச் சென்னையில் தேனாம்பேட்டை எஸ்.ஐ.ஈ.டி. காலேஜில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளூரில் கிடைத்த சீட்டை விட்டுவிட்டு, பெண் பிள்ளையை ராத்திரி ரயில் ஏற்றி ஐநூறு கிலோமீட்டர் அனுப்புவார்களா? ஊர் உலகத்தில் நாலு பேர் நாலு கேட்கத்தான் செய்வார்கள்" என்று சத்தம் போட்டேன்.

பாய் சத்தம் போடவில்லை. "கேட்டவர் நல்ல மனுசனுங்க சார். கெட்ட எண்ணத்துல கேக்கல. அதுதாங்க எனக்குப் பயமே. நல்லவரே முதல் நாள் இப்படிக் கேட்டா, மூணு வருசத்துல எத்தனை பேருக்கு இவ பதில் சொல்லோணும்? இவ கணக்குப் படிக்கப் போறாளா, ஊருக்கே ஜாமீன் கொடுக்கப் போறாளா?"

சம்சாரத்தின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. பெண் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறியது. நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அதற்கு லீவு தேவைப்படவில்லை.

எஸ்.ஐ.ஈ.டி. என்பது நீதிபதி பஷீர் அகமது சயீது 1955ல் தொடங்கியது. எல்லாச் சமூகத்துப் பெண்களும் படிப்பார்கள், ஆனால் முஸ்லிம் பெண் அங்கே அதிசயப் பொருள் இல்லை. அமெரிக்காவில் ஏ மார்க் வாங்கிய பிராண்டைஸும் இதே கதைதான். 1922ல் ஹார்வர்டின் தலைவர் லோவல், யூத மாணவர்களை நூற்றுக்கு 15 ஆகக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னார். ஆசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் அப்ளிகேஷனில் புதிதாக ஒரு கேள்வி முளைத்தது: உன் பேரோ உன் அப்பா பேரோ பிறந்த பிறகு மாறியிருக்கிறதா? ஆளைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பேர், நமக்கு விலாசம். இப்படி வாசல் குறுகின பிறகு, 1948ல் யூதர்கள் தாங்களே காசு போட்டுத் தொடங்கியதுதான் பிராண்டைஸ். அதிலும் எல்லோருக்கும் இடம் உண்டு.

பாய் 2014ல் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இப்போது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "சென்னைக்குப் போனது நல்லதாகத்தானே போச்சு கண்ணு?" என்று கேட்டேன். எனக்கு நானே சமாதானம் தேடிக்கொள்ளக் கேட்டது என்று இப்போது புரிகிறது.

"நல்லதுதானுங்க மாமா. அங்கே நான் கோட்டைமேட்டுப் பொண்ணு இல்லை, கிளாஸ்ல கணக்கு நல்லாப் போடற பொண்ணு, அவ்வளவுதான். அது பெரிய ரெஸ்ட்டுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பாருங்க, பொறந்து வளர்ந்த ஊர்ல எனக்குன்னு ஒரு காலேஜ் ஃப்ரெண்டு கிடையாது. கடைவீதியில 'ஏய், நீயா' ன்னு கூப்பிட யாரும் இல்லை."

அவள் இழந்தது அது. அந்தக் காலேஜில் அந்த வருஷம் படித்த பிள்ளைகளும் ஒன்றை இழந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, அதனால் கணக்கில் வராது. கோட்டைமேடு என்றால் குண்டு என்று மட்டும் கேள்விப்பட்டவர்கள், கணக்கில் சந்தேகம் கேட்கக்கூடிய ஒரு கோட்டைமேட்டுப் பெண்ணைப் பார்க்காமலே டிகிரி வாங்கிப் போனார்கள்.

2007ல் முஸ்லிம்களுக்கு மூன்றரை சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. சீட் கிடைப்பது சுலபமானது. அந்த சீட்டில் நிம்மதியாக உட்காருவது வேறு விஷயம். கொல்லத்தைச் சேர்ந்த பாத்திமா லத்தீப் 2019 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. ஹாஸ்டலில் இறந்து கிடந்தபோது அவள் அம்மா சொன்னதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வடக்கே காசிக்கு அனுப்பப் பயந்து, தமிழ்நாடு என்றால் பத்திரம் என்று நம்பி இங்கே அனுப்பினார்களாம். தலித் குடும்பங்களிலும் இந்தக் கணக்குத் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. கல்லூரிகளில் பாகுபாட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2012லேயே விதிகள் கொண்டுவந்தது. அவற்றைச் சரியாக நடைமுறைப்படுத்தச் சொல்லுங்கள் என்று ரோகித் வேமுலாவின் அம்மாவும், மருத்துவம் படித்த பாயல் தட்வியின் அம்மாவும் 2019ல் சுப்ரீம் கோர்ட் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. விதி எழுதுவது எளிது. 35 வருஷம் விதி எழுதிய காகிதத்தைப் புரட்டியவன் சொல்கிறேன்.

நியூஜெர்சிப் பெண் கடைசியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். யூதப் பிள்ளைகளும் நிறைய, அவள் எகிப்துத் தோழியும் அங்கேயே. அப்பாவுக்குப் பாதி மனசு. பாட்டி மட்டும் கேட்டார், "விடுமுறைக்குப் பிறகு இவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே யாராவது இருப்பார்களா?" இருப்பார்கள் என்றாள் பேத்தி. "அப்படியானால் சரி" என்றார் பாட்டி.

இந்த மே மாதம் பாயின் பேத்திக்குப் பிளஸ் டூ ரிசல்ட். காலையிலேயே போன் செய்தேன். நல்ல மார்க். "காலேஜ் பார்க்கப் போகும்போது நானும் கூட வரட்டுமா கண்ணு?" என்றேன். 27 வருஷம் கழித்து.

அவள் சிரித்தாள். "இந்த வெயில்ல நீங்க எதுக்குங்க மாமா? அவளே ரெண்டு காலேஜ் போய், கேன்டீன்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டு வந்துட்டா. ஊர்லயேதான் படிப்பேங்கறா." எனக்கு ரொம்ப சந்தோஷம். தாத்தா பேக்கரியில் உட்கார்ந்தார், பேத்தி கேன்டீனுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மட்டுக்கும் ஊர் மாறியிருக்கிறது. ஆனாலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சேர வேண்டியிருக்கிறது.

போனை வைக்கப் போகும்போது சொன்னாள்: "அத்தா ஒரு தடவை சொல்லியிருக்காருங்க. நீங்க அன்னைக்கு வர்றதாத்தான் இருந்தீங்களாம். ஆடிட் வந்துடுச்சாமே."

"ஆமா கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல?

நண்பர்களே, உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, காலேஜ் வரைக்கும் கூட வர முடியுமா என்று கேட்கலாம். பேசக் கூட வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். ஒரு எட்டுப் போய் வாருங்கள். ஆடிட்டை அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.